மழைப்பள்ளத்தில் வேம்பு ஏன் பிழைக்கவில்லை? சென்னையின் மழைநீர்த் தோட்டங்களுக்கு உரிய நாட்டுச் செடிகள்

எங்கள் குடியிருப்பில் மழைநீர் எல்லாம் வந்து சேரும் தாழ்ந்த மூலை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டினோம். மொட்டைமாடியிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் ஓடிவரும் தண்ணீர் அதில் நின்று மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பது திட்டம். பள்ளத்தை வெறுமனே விடாமல் நாட்டு மரமாக நட்டுவிடலாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். நாட்டு மரம் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேம்பு. மூன்று வேப்பங்கன்றுகள் வைத்தோம். அந்த நவம்பரில் பெய்த மழைக்குப் பள்ளத்தில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றது. வடிந்த சில நாளில் மறுபடியும் நின்றது. பொங்கலுக்குள் மூன்று கன்றுகளும் இலை மஞ்சளித்து, அடித்தண்டு கறுத்துப் பட்டுப்போயின. அதே பள்ளத்தின் ஓரத்தில் யாரும் நடாமல் தானாக முளைத்த பொடுதலை, தரையோடு தரையாகப் படர்ந்து, வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது.

வேம்பின் மேல் குற்றமில்லை. அது வறண்ட, நீர் வடிந்துபோகும் நிலத்தின் மரம். எவ்வளவு வெயில் அடித்தாலும் தாங்கும். வேரடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. முருங்கையும் அப்படித்தான். நாங்கள் ‘நாட்டு மரமா?’ என்று மட்டும் கேட்டோம். ‘நாட்டில் எந்த இடத்து மரம்?’ என்று கேட்கவில்லை. மழைநீருக்காகச் செடி தேர்ந்தெடுக்கும்போது அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. சென்னையைப் பொறுத்தவரை அதற்கான விடை ஊருக்கு வெளியே இன்னும் மிச்சமிருக்கும் ஏரிகளில் இருக்கிறது.

மழைநீர்த் தோட்டம் என்ற ஏற்பாடு இன்றைய வடிவில் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் உருவானது. மழைநீரைக் குழாய் போட்டு ஆற்றுக்கு விரட்டாமல், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தாழ்வான செடிப்பாத்தியில் சற்று நேரம் நிறுத்தி, மண்ணாலும் வேராலும் வடிகட்டி நிலத்துக்குள் இறக்குவதுதான் அதன் சாரம். சிங்கப்பூர் 2006-ல் தொடங்கிய தன் நீர்நிலைத் திட்டத்தில் இதைச் சாலையோரங்களுக்கும் பூங்காக்களுக்கும் கொண்டுவந்தது. சீனா இதைப் பெரிதாக்கிப் ‘பஞ்சு நகரம்’ என்று பெயரிட்டது. சென்னை மாநகராட்சியும் இப்போது பூங்காக்களில் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்ற பெயரில் பள்ளங்கள் வெட்டுகிறது.

வெட்டும் முறையை எங்கிருந்தும் கற்றுக்கொள்ளலாம். செடிப் பட்டியலை மட்டும் இரவல் வாங்க முடியாது. மேரிலாந்தில் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. அங்கே செடிக்கு எதிரி பனி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 200 செ.மீ.க்கு மேல் பெய்கிறது. மழையே இல்லாத மாதம் கிடையாது. சென்னைக்கு ஆண்டுச் சராசரி சுமார் 140 செ.மீ. அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்து இடிமழை அவ்வப்போது கிடைக்கும். ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, சென்னையின் மழைப்பள்ளத்தில் நிற்கும் செடி நவம்பரில் கழுத்தளவு நீரில் நிற்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் காயும்போது பாளம் பாளமாக வெடித்த மண்ணில் உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எப்போதும் ஈரம் கேட்கும் சதுப்புச் செடி மே மாதத்தில் செத்துவிடும். வறண்ட நிலத்துச் செடியோ நவம்பரிலேயே செத்துவிடும்.

இந்த இரண்டையும் ஆண்டுதோறும் கண்டு பழகிய செடிக்கூட்டம் நம்மிடம் இருக்கிறது. செங்கல்பட்டுப் பகுதியை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். அந்த ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். சித்திரை, வைகாசியில் வற்றும். வற்றிய உள்வாயில், அதாவது தண்ணீர் நின்ற ஏரித் தரையில், மாடுகள் மேயும். நிரம்புவதும் வற்றுவதுமாக நூற்றாண்டுக் கணக்கில் நடந்த இந்தச் சுழற்சியில் எது தாங்குமோ அது மட்டுமே அங்கே நின்றிருக்கிறது. சென்னை நகரமே இத்தகைய ஏரிகளின் மேல் எழுந்ததுதான். தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து உண்டானது. நுங்கம்பாக்கத்தில் ஏரி போய்விட்டது. ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது. எங்கள் தெருவின் தாழ்ந்த மூலைக்குத் தண்ணீர் தவறாமல் வருவதும் பழைய வாய்க்காலின் ஞாபகத்தால்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வேர் மூச்சுவிடும் கதை

தண்ணீர் நின்றால் சில செடிகள் ஏன் சாகின்றன, சில ஏன் சாகவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் காற்றிலிருந்து அது கிடைக்கிறது. மண் மூழ்கியதும் அந்தத் துளைகளில் நீர் புகுந்து காற்றை வெளியேற்றுகிறது. நீரின் வழியே ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றின் வழியே பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் வேரும் நுண்ணுயிரும் சேர்ந்து ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு வேர் மூச்சுத்திணறி அழுகுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருக்க, உறிஞ்ச வேர் இல்லாமல் இலை வாடுகிறது. எங்கள் வேப்பங்கன்றுகளுக்கு நேர்ந்தது இதுதான். வாடுகிறதே என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினார்.

கோரைத் தண்டையோ சம்புத் தண்டையோ குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள் தெரியும். இலை பெறும் காற்று அந்த அறைகளின் வழியே வேர்வரை இறங்குகிறது. மண்ணில் காற்றில்லாவிட்டாலும் இந்தச் செடி தன் வேருக்குத் தானே காற்றை அனுப்பிக்கொள்கிறது. பொடுதலையும் நீர்ப்பிரம்மியும் வேறொரு வழி வைத்திருக்கின்றன: படரும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் புதுவேர் விடுகின்றன. ஒரு பகுதி அழுகினாலும் அடுத்த கணு பிடித்துக்கொள்ளும்.

கோடையைத் தாண்டும் வழிகளும் இப்படிப் பலவகை. இங்கேதான் நடுபவர் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. கோரை மேலே கருகிவிட்டு நிலத்தடிக் கிழங்கில் உயிரை ஒளித்துவைக்கிறது. முதல் மழைக்கு ஒரு வாரத்தில் பச்சை தெரியும். நீர்முள்ளி, கரிசலாங்கண்ணி போன்றவை காய்ந்து போனாலும் விதையை மண்ணில் விட்டுச்செல்கின்றன. வெட்டிவேர், நொச்சி, மருது போன்றவை தூங்குவதுமில்லை, சாவதுமில்லை. வேரை ஆழத்துக்கு அனுப்பி, மேல்மண் காய்ந்தபின்னும் அடியீரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரே வகையை மட்டும் நட்டால் ஆண்டின் ஏதோ ஒரு பருவத்தில் பள்ளம் மொட்டையாகிவிடும். மொட்டை மண் வெயிலில் இறுகும். அடுத்த மழையில் வரும் வண்டல் அதன்மேல் பூச்சுப் பூசினாற்போலப் படியும். தண்ணீர் இறங்குவது நின்றுவிடும். மூன்று வகையும் கலந்திருந்தால் எப்போதும் ஏதோ ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு நிற்கும். செத்த வேர்கூட வீணில்லை. அது மட்கிய இடத்தில் ஒரு நுண்குழாய் மிஞ்சுகிறது. நீர் அதன் வழியே இறங்குகிறது. மழைநீர்த் தோட்டத்தில் செடியின் முதல் வேலை அழகு காட்டுவதல்ல, மண்ணின் துளை அடைபடாமல் காப்பது.

ஏரியின் உள்வாயிலிருந்து கரைவரை

ஏரியொன்றை மனத்துக்குள் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடவுத் திட்டம் கிடைத்துவிடும். அடியில் உள்வாய்; அடுத்து நீர் ஏறி இறங்கும் சரிவு; மேலே கரை. நம் பள்ளம் இரண்டு மீட்டர் அகலம்தான் என்றாலும் இந்த மூன்றும் அதற்குள்ளும் உண்டு. 30 செ.மீ. உயர வேறுபாடு நமக்கு அற்பம். செடிக்கு அது வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கும் தொலைவு.

அடித்தளத்துக்கு என் முதல் தேர்வு கோரை வகைகளும் பொன்னாங்கண்ணியும் நீர்ப்பிரம்மியும். கொஞ்சம் நிழல் விழும் மூலையில் வல்லாரை நன்றாகப் படரும். நீர்முள்ளி நீல ஊதாப் பூவோடு அழகாக நிற்கும்; வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கும் அது உணவு. ஆனால் கணுவுக்குக் கணு கூரிய முள் இருப்பதால் குழந்தைகள் விளையாடும் பூங்காவில் அதை வைக்காதீர்கள். சம்பை நான் வேண்டாம் என்பேன். அது நாட்டுச் செடிதான், ஏரிக்குப் பொருத்தம்தான், சிறு பள்ளத்தில் மட்டும் அடங்காது. சாக்கடை நீர் சிறிது கலந்தாலும் அந்தச் சத்தை எடுத்துக்கொண்டு காடாகி, மற்ற எல்லாவற்றையும் நெருக்கிவிடும்.

தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் தனியாகச் சொல்லத்தக்கது. மழை வேகமாக வரும்போது அந்த இடத்தில்தான் மண் அரிக்கும். அங்கே ஒரு வரிசை வெட்டிவேர் நட்டுப் பாருங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே மூன்று மீட்டருக்கும் மேல் இறங்கும். மேலே நெருங்கி நிற்கும் தண்டுகள் வேலிபோல வேகத்தைத் தடுத்து, வண்டலை வாயிலிலேயே நிறுத்திவிடும். நாள்கணக்கில் மூழ்கினாலும் சாகாது, கோடையிலும் சாகாது. கடலூர் கடற்கரை மணலில் அதை வேருக்காகவே பயிரிடுகிறார்கள். மணப்பொருளாகவும் குடிநீர்ப் பானையில் போடவும் நாம் வாங்குவது அந்த வேரைத்தான். ஒரு குறை உண்டு: நிழல் ஆகாது. பெரிய மரத்தடியில் வைத்தால் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும்.

சரிவுக்குப் பொடுதலையை மிஞ்ச எதுவுமில்லை என்பது என் துணிந்த கருத்து. மூழ்கலாம், காயலாம், மிதிபடலாம். அது படர்ந்துகொண்டே இருக்கும். தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச மட்டும் நினைவுகொள்ளப்படும் இந்தச் செடியை எந்த நர்சரியிலும் விலைக்கு வைத்து நான் பார்த்ததில்லை. அருகம்புல் அதற்குத் துணையாக நிற்கும். புதர் வேண்டுமென்றால் நொச்சி. ஆற்றோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் இயல்பாக வளர்வது; வெள்ளத்தில் வளைந்து கொடுத்து, வடிந்ததும் நிமிரும்; வெட்டிய குச்சியை நட்டாலே துளிர்க்கும். கோட்டையைக் காத்து நிற்கும் போருக்கு நம் முன்னோர் நொச்சித் திணை என்று பெயர் வைத்தார்கள். கரையை அரிப்பிலிருந்து காத்து நிற்பதும் அதே செடி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கொசுவை விரட்டும் என்று நம்பிச் சென்னை மாநகராட்சி முன்பு நொச்சிக் கன்றுகளை மக்களுக்கு வழங்கியது. இலையைப் புகைபோட்டால் பயன் உண்டு. செடி வெறுமனே நிற்பதால் கொசு ஓடிவிடாது. கொசுவுக்கு உண்மையான மருந்து, தண்ணீர் 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவதுதான். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸுக்கு ஒரு வாரம் தேவை. அதற்குள் பள்ளம் காய்ந்துவிட்டால் அந்தத் தலைமுறை அங்கேயே முடிந்துபோகும்.

கரைமேட்டில் தண்ணீர் நிற்பதே இல்லை என்பதால் அங்கே வறட்சிச் செடிகளுக்கு இடம் உண்டு. ஆவாரை, களா, காசான் எல்லாம் அங்கே சுகமாக இருக்கும். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் கிண்டி தேசியப் பூங்காவிலும் வண்டலூர்ப் பக்கத்திலும் சில கோயில் காடுகளிலும் இன்னும் இருக்கின்றன. கரைக்கான செடிகளை அந்தக் காட்டிலிருந்து எடுக்கலாம். எங்கள் வேம்பும் கரைமேட்டில் வைத்திருந்தால் இன்று மொட்டைமாடி உயரம் வந்திருக்கும்.

மரங்களில் தண்ணீரோடு பழகியவை பல. மருத நிலத்துக்கே பெயர் கொடுத்த மருது ஆற்றங்கரை மரம். நீரில் நிற்பது அதற்குப் புதிதல்ல. ஆனால் இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து பருத்துவிடும் என்பதால் தெருவுக்கு ஆகாது; பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் உரியது. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் கூடு கட்டும் பாரிங்டோனியா மரங்கள் மாதக்கணக்கில் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. கோடையில் அதே மரங்கள் வறண்ட தரையில் நிற்கின்றன. சென்னை கேட்கும் இரட்டைத் திறமைக்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம். நாவலும் நீர்க்கடம்பும் நீர் தேங்கும் நிலத்தைத் தாங்குபவை.

தெருவோரப் பள்ளத்துக்குப் புங்கு. வெள்ளமும் வறட்சியும் உப்பும் தாங்குகிறது, வேர் முடிச்சுகளால் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கிறது. வேறொரு நன்மையும் உண்டு. அது இலை உதிர்ப்பது கோடைக்கு முன். சித்திரையில் புதுத் தளிர் விட்டுக் குளிர்ந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையின்போது இலைக்குப்பை வந்து நீர்நுழைவாயை அடைப்பது குறைவு. இலை எந்த மாதத்தில் உதிரும் என்பதை மழைநீருக்காக மரம் வைப்பவர்கள் கேட்பதே இல்லை; கேட்க வேண்டும்.

ஒரே ஊர், மூன்று மண்

இவ்வளவும் சொன்னது களிமண்ணும் கலப்பு மண்ணும் உள்ள பகுதிகளுக்கு. சென்னையின் அடி ஒன்றல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். அங்கே பள்ளத்தில் விட்ட தண்ணீர் ஒரு மணி நேரத்தில் மாயமாகிவிடும்; கோரையும் பொன்னாங்கண்ணியும் அங்கே தாகத்தில் செத்துப்போகும். உப்புக்காற்றும் உண்டு. அங்கே பார்க்க வேண்டிய மாதிரி ஏரியல்ல, நெய்தல் நிலம்: மரத்துக்குப் புன்னையும் பூவரசும், வேலிக்குத் தாழை, தரைக்கு அடம்பு. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். அங்கே நீர் இறங்க இடமில்லை. பள்ளம் வெட்டுமுன் மிகுநீர் எங்கே போகும் என்று வழி செய்துவிட்டுத்தான் செடியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மண் எதுவென்று அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு முழ ஆழக் குழி தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் பாதிக்குமேல் நின்றால் களிமண். மேல்மண்ணை எடுத்துவிட்டு மணல் மிகுந்த கலவையைப் போட வேண்டும். எரு சேர்ப்பதில் தாராளம் வேண்டாம். மட்கு அதிகமானால் அதிலிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மழையில் கரைந்து வெளியேறும். வடிகட்ட வைத்த தோட்டமே நீரைக் கெடுக்கும். ஏரிச் செடிகள் சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகியவை. அவை எருவுக்கு ஏங்குவதில்லை.

அயல் செடி இங்கே ஏன் கூடுதல் ஆபத்து

மாடியில் தொட்டியில் எந்த அயல் செடியை வளர்த்தாலும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மழைநீர்ப் பள்ளம் அப்படியல்ல. அதில் விழும் விதையும் ஒடியும் தண்டும் நிரம்பி வழியும் நீரோடு வடிகாலுக்குப் போகும், வடிகாலிலிருந்து கால்வாய்க்கு, அங்கிருந்து அடையாற்றுக்கோ கூவத்துக்கோ பள்ளிக்கரணைக்கோ போகும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம் பள்ளிக்கரணை. நாம் தெருமுனையில் எதை நடுகிறோமோ அதை நீரே எடுத்துக்கொண்டுபோய்க் கீழே விதைத்துவிடும்.

அப்படி ஏமாந்த வரலாறு நமக்கு நீளமானது. ஊதாப் பூவின் அழகுக்காகப் போற்றப்பட்ட தென்னமெரிக்க வெங்காயத்தாமரை இன்று ஏரிகளின் முகத்தை மூடிக்கிடக்கிறது. வேலிக்கு ஆகும் என்று பரவவிட்ட நெய்வேலிக் காட்டாமணக்கு கால்வாய்க் கரைகளை நிறைத்துவிட்டது. பெயரில் நெய்வேலி இருந்தாலும் அதன் பிறப்பிடமும் தென்னமெரிக்காதான். விறகுக்காக வந்த சீமைக் கருவேலம் ஏரி உள்வாய்களையே பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு உரிமையான நம் கருவேலம் அதன் நடுவே தேடவேண்டிய மரமாகிவிட்டது.

வேறொரு குழப்பமும் உண்டு. நெடுநாள் பழகியதால் நாட்டுச் செடி என்று நாம் நினைப்பவை எல்லாம் நாட்டுச் செடிகள் அல்ல. கழிவுநீர்ப் பாத்திகளில் எங்கும் காணும் கல்வாழை அமெரிக்கக் கண்டத்தது. நாலு பக்கமும் சிமென்ட் பூசிய பாத்தியில் அது நன்றாகவே வேலை செய்கிறது, அங்கே இருக்கட்டும். திறந்த வாய்க்காலுக்குப் போகும் பள்ளத்தில் கோரையும் வெட்டிவேரும் அதே வேலையைச் செய்யும்போது அது எதற்கு? குல்மோகர் மடகாஸ்கரின் மரம். தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்தின் மரம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கடந்த மறுநாள் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்தவற்றில் இத்தகைய அயல் மரங்களே மிகுதி. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: வடிகாலுக்காகப் பக்கவேர் வெட்டப்பட்ட, அடிவரை சிமென்ட் கல் பதிக்கப்பட்ட நாட்டு மரங்களும் அன்று விழுந்தன. வேருக்கு இடம் கொடுக்காமல் நாட்டு மரம் என்று பெயர் மட்டும் கொடுத்தால் அது நிற்காது.

கீரை பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் தழைத்து நின்றால் பறிக்கத் தோன்றும். மொட்டைமாடி நீர் மட்டும் வரும் பள்ளத்தைவிடச் சாலைநீர் வரும் பள்ளத்தில் வாகன எண்ணெயும், டயர் தேய்ந்த துகளும், துத்தநாகம் போன்ற உலோகங்களும் மிகுதியாக வந்து தங்கும். அவற்றைப் பிடித்து வைப்பதற்காகத்தான் அந்தப் பள்ளமே. அங்கே முளைத்ததைச் சமைக்கக் கூடாது. மக்கள் நடமாடும் இடமென்றால் கீரைகளைத் தவிர்த்துக் கோரையும் பொடுதலையுமாக வைப்பதே நல்லது. பலகை எழுதி வைத்தாலும் பறிப்பவர் பறிப்பார்.

எதைத் தாங்கும், எதைத் தாங்காது

2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. நூறு சதுர மீட்டர் மாடியில் அவ்வளவு மழை விழுந்தால் 49,000 லிட்டர். எங்கள் பள்ளம் ஒரு நேரத்தில் பிடிப்பது 2,400 லிட்டர். ஆக, மழைநீர்த் தோட்டம் பெருவெள்ளத்தைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஏரியும் சதுப்பும் ஆற்றின் அகலமும் திரும்ப வேண்டும். பள்ளத்தின் கணக்கு வேறு: அதே நூறு சதுர மீட்டரில் விழும் முதல் 24 மி.மீ. மழையை அது முழுதாகப் பிடிக்கிறது. ஆண்டின் மழை நாள்களில் பெரும்பாலானவை அந்த அளவைத் தாண்டாத சிறு மழைகள். பெருமழையிலும் தூசியும் எண்ணெயும் சுமந்துவரும் அழுக்கான தண்ணீர் முதலில் ஓடிவருவதுதான். அது பள்ளத்தில் நின்றுவிடும். 2003-ல் தமிழகம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடிநீருக்கு வழி கிடைத்தது. தெருவில் விழும் நீருக்கு அப்படி ஒரு வழி இன்றும் போதவில்லை. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு ரயிலில் குடிநீர் வந்ததை நினைத்தால், தெருவில் ஓடிக் கடலுக்குப் போகும் ஒவ்வொரு மழையும் மனத்தை அறுக்கிறது.

பெரிய அளவில் செய்து பார்த்த இடம் வேண்டுமென்றால் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவுக்குப் போகலாம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் அது. நீர்நிலையைத் தோண்டி மீட்டு, நாட்டுச் செடிகளை நட்டு, 2011-ல் திறந்தார்கள். நீருக்குள் நிற்பது, நீரோரம் நிற்பது, மேட்டில் நிற்பது என்று இடத்துக்கு இடம் செடி மாறுவதை அங்கே நடந்தே பார்க்கலாம்.

கன்று எங்கே கிடைக்கும், யார் காப்பது

நர்சரிக்குப் போனால் நீங்கள் கேட்கும் பாதிச் செடி இருக்காது. புங்கும் மருதும் நாவலும் வனத்துறை நாற்றங்கால்களில் கிடைக்கும். கோரையும் பொடுதலையும் நீர்ப்பிரம்மியும் களை என்ற பெயரில் தினமும் பிடுங்கி எறியப்படுபவை. அவற்றை யாரும் விற்பதில்லை. நாங்கள் கண்ட வழி, கட்டடம் எழப்போகும் காலிமனைகளின் பள்ளங்களிலிருந்து, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, மண்கட்டியோடு பெயர்த்து வந்து நடுவது. எப்படியும் பொக்லைன் வந்து அள்ளிப்போட இருந்தவை அவை. ஒரு கூடை மண்ணில் நாம் அறிந்து எடுத்த ஒரு செடியோடு அறியாத பத்துச் செடியின் விதையும் கிழங்கும் வரும். காட்டாமணக்கின் துண்டும் வரலாம் என்பதால் முதல் மூன்று மாதம் கண்வைத்துப் பிடுங்க வேண்டும்.

நடும் மாதம் ஆடி, ஆவணி. மாலை இடிமழைகள் வேர்பிடிக்க உதவும். ஐப்பசிப் பெருமழைக்குள் செடி ஊன்றிவிடும். அக்டோபரில் நட்டால் முதல் வெள்ளத்திலேயே மிதந்து போகும். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஐ ஒட்டி நடப்படும் கன்றுகள் சென்னையின் வெயிலில் படும் பாட்டைப் பார்த்தபின் அந்த நாளில் நடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஆளுயரக் கன்று வாங்காதீர்கள். பையில் வேர் சுருண்ட பெரிய கன்றைவிட முழ உயரச் சிறு கன்று இரண்டு ஆண்டில் அதைத் தாண்டிவிடும்.

எங்கள் பள்ளத்தில் இரண்டாம் முறை களிமண்ணை அகற்றி மணல் கலந்தோம். வாயிலில் வெட்டிவேர், அடியில் இரண்டு வகைக் கோரை, சரிவில் பொடுதலை, மேட்டில் ஒரு நொச்சி, ஒரு புங்கு. அடுத்த கார்த்திகையில் தண்ணீர் ஒரு நாளுக்குமேல் நிற்கவில்லை. மாசியில் கோரை கருகி வைக்கோல் நிறமானபோது, துப்புரவுக்கு வந்த அம்மா, காய்ந்த புல் என்று நினைத்து வேரோடு கொத்தி அள்ளத் தொடங்கியிருந்தார். அவர் மேல் தவறில்லை. நாங்கள்தான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கோரைக் கிழங்கைத் தோண்டிக் கையில் கொடுத்து, இது தூங்குகிறது, சாகவில்லை என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “எங்க ஊர் ஏரியில இதுல பாய் முடைவாங்க, எனக்குத் தெரியாதா? இங்க நட்டு வெச்சிருப்பீங்கன்னு யாரு கண்டா?” என்றார். இப்போது தையில் வெட்டிவேரை முழ உயரத்துக்கு நறுக்குவதும், புரட்டாசிக் கடைசியில் வாயிலில் படிந்த வண்டலை வாரி எடுப்பதும் அவர் சொல்லும் நாளில்தான் நடக்கிறது.